வேட்டைக்கு உரியவர் யார்? ஐக்கிய அமெரிக்க மாநிலங்களின் அனுமதிப் பங்கீடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1976ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாட விரும்பிய ஒருவர், அம்மாநிலத்தில் வதிபவராயின், 9 டொலர் செலுத்தி அதற்கான அனுமதிப்பத்திரத்தைப் பெறலாம். வேறொரு மாநிலத்தவராயின் எல்க்குக்கு மட்டுமென ஓர் அனுமதிப்பத்திரம் அவருக்குக் கிடையாது. மான், கரடி, வேட்டைப் பறவைகள், மீன்பிடி ஆகிய யாவற்றையும் உள்ளடக்கிய கூட்டு அனுமதிப்பத்திரத்தை 225 டொலர் கொடுத்து அவர் வாங்கியே ஆகவேண்டும். அதே கூட்டு உரிமைகளை வதிவோர் 30 டொலருக்குப் பெறக்கூடியவராயிருந்தனர். எல்க் ஒன்றையே நாடிவந்த வெளிமாநிலத்தவர் உள்ளூரவரைவிட 25 மடங்கு கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. மலை ஒன்று, விலங்கு ஒன்று, வேட்டைப் பருவமும் ஒன்று. வேட்டைக்காரர் எங்கே குடியிருக்கிறார் என்பதே இருவரையும் பிரித்தது.

இவ்வேறுபாடு நீதியானதா என்னும் வினா அந்நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்று, 1978இல் தீர்ப்பைப் பெற்றது. பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றிய சிறு பிணக்காகவே இது முதற் பார்வையில் தோன்றும். ஆயின் சற்று ஆழ்ந்து நோக்குவோமாயின், அரசறிவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று இதனுள் பொதிந்திருத்தலைக் காணலாம். எவருடைய உழைப்பினாலும் உண்டாகாத, எல்லோரும் விரும்புகின்ற, எல்லோருக்கும் போதாத ஒரு பொருளை அரசு எவ்வாறு பங்கிடல் வேண்டும் என்பதே அவ்வினா. நிலவுடைமை, வதிவிடம், பணம், காத்திருப்பு, அதிர்ஷ்டம் என வெவ்வேறு அளவுகோல்கள் வெவ்வேறு காலங்களிற் கையாளப்பட்டுள்ளன. ஒவ்வோர் அளவுகோலும் ஒரு சாராரின் மனக்குறையைத் தீர்த்து மற்றொரு சாராரின் மனக்குறையைத் தோற்றுவித்தது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தின் மரபு

காட்டு விலங்கு பிடிபடும்வரை எவருக்கும் உடைமையன்று என்பது உரோமச் சட்டத்தின் கொள்கை. பிடித்தவனே உடையவன். இக்கொள்கை ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டிருந்தபோதும், பிடிக்கும் உரிமை யாருக்குண்டு என்பதை ஆட்சியாளரே தீர்மானித்தனர். நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பரந்த நிலப்பரப்புகள் அரச வனங்களாக்கப்பட்டமையும், அங்கு மானைக் கொன்றோர் கடுந்தண்டனைக்கு ஆளானமையும் வரலாறு அறிந்த செய்திகளே.

1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் அவ்வுரிமையை அரசனிடமிருந்து நிலவுடைமையாளர் வகுப்பினருக்கு விரித்தது. ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் உரிமை நிலம் உடையோரும், அதற்கு ஒப்பான வேறு சில தகுதிகள் உடையோருமே முயல், கௌதாரி முதலியவற்றை வேட்டையாடலாம் என அது விதித்தது. அக்காலத்திலே கிராமப்புறத் தொகுதிகளில் பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவதற்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண், வருமானமுள்ள நிலம் போதுமானதாயிருந்தது. நாட்டை ஆள்வோரைத் தெரிவதற்குத் தேவைப்பட்ட சொத்தைப்போல் 50 மடங்கு சொத்து ஒரு கௌதாரியைக் கொல்வதற்குத் தேவைப்பட்டதனைச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்ரன் எடுத்துக்காட்டினார். தன் பயிரைத் தின்னும் முயலைத் தன் வயலிலேயே கொல்ல முடியாத நிலையிற் சிறு விவசாயி இருந்தான். 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டமோ முகத்தைக் கறுப்பாக்கி மாறுவேடம் பூண்டு மான் வேட்டையாடுதலை மரண தண்டனைக்குரிய குற்றங்களுட் சேர்த்தது. வேட்டையைப் பற்றிய சட்டம் விலங்கைக் காத்தது என்பதினும் வகுப்பு வேறுபாட்டைக் காத்தது என்பதே பொருந்தும்.

1831இல் நிறைவேறிய சட்டச் சீர்திருத்தம் சொத்துத் தகுதியை நீக்கி, கட்டணம் செலுத்திச் சான்றிதழ் பெறும் முறையைக் கொண்டுவந்தது. தகுதி மறைந்து கட்டணம் வந்தது. இன்றைய அனுமதிப்பத்திரத்தின் மூதாதை அதுவே எனலாம்.

சுதந்திர வேட்டையும் அதன் முடிவும்

அமெரிக்காவிற் குடியேறியோர் இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்களை வெறுப்புடன் நினைவுகூர்ந்தனர். 1776ஆம் ஆண்டிற் பென்சில்வேனியா இயற்றிய அரசியல் யாப்பு, தம் நிலத்தில் மட்டுமன்றி வேலியடைக்கப்படாத ஏனைய நிலங்களிலும் உரிய காலங்களில் வேட்டையாடும் சுதந்திரம் அங்கு வாழ்வோருக்கு உண்டு என வெளிப்படையாகவே கூறிற்று. பிரபுக்களின் சலுகையாயிருந்த ஒன்று குடிமகனின் உரிமையாக அறிவிக்கப்பட்டமை சிறு மாற்றமன்று.

ஆயின் அச்சுதந்திரம் வற்றாத காட்டு வளத்தை எதிர்பார்த்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகையிரதப் பாதையும் நகரச் சந்தையும் அவ்வளத்தை விரைவில் உறிஞ்சின. 1870களில் தோலுக்காகக் காட்டெருமைகள் திரள்திரளாகக் கொல்லப்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்வினத்திற் சில நூறுகளே எஞ்சின. வானத்தை மறைத்துப் பறந்ததாகக் கூறப்படும் பயணப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டெம்பர் முதலாந் தேதி சின்சினாற்றி விலங்குக் காட்சிச்சாலையில் மாண்டது.

இவ்வழிவைத் தடுக்கும் பொருட்டு மாநிலங்கள் வேட்டைப் பருவங்களை வரையறுத்தன. கொல்லத்தக்க தொகையை மட்டுப்படுத்தின. அனுமதிப்பத்திரங்களை அறிமுகஞ் செய்தன. ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொல்லப்பட்ட விலங்கை வேறொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தேசியக் குற்றமாக்கியது. இந்நடவடிக்கைகள் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. எனினும் காப்பதற்கான கருவி, விலக்குவதற்கான கருவியாகவும் பயன்பட்டமையை மறத்தல் ஆகாது. 1909இல் பென்சில்வேனியா இயற்றிய சட்டமொன்று, அயல்நாட்டிற் பிறந்து குடியுரிமை பெறாதோர் வேட்டையாடுதலைத் தடுத்ததோடமையாது, அதன்பொருட்டுத் துப்பாக்கி வைத்திருத்தலையும் தடைசெய்தது. இத்தாலியக் குடிமகன் ஒருவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 1914இல் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. யாவருக்கும் வேட்டைச் சுதந்திரத்தை 1776இல் அறிவித்த அதே மாநிலம் இது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ‘யாவரும்’ என்னும் சொல்லின் எல்லை சுருங்கிவிட்டது.

1896: இரு தீர்ப்புகள்

மாநிலம் எவ்வுரிமையால் வேட்டையைப் பங்கிடுகிறது என்னும் வினாவுக்கு 1896ஆம் ஆண்டு விடை கூறிற்று. கனெற்றிக்கட் மாநிலத்திற் சட்டப்படி கொல்லப்பட்ட பறவைகளை வெளியே கொண்டுசெல்ல முயன்ற கீர் என்பவரின் வழக்கில், காட்டு விலங்குகள் மாநில மக்களின் பொதுவுடைமை எனவும், மாநில அரசு அவற்றை மக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பாளனாக வைத்திருக்கிறது எனவும் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தன் மக்களின் உடைமையைத் தன் எல்லைக்குள் வைத்திருக்க மாநிலத்துக்கு அதிகாரமுண்டு என்பது இதன் முடிவு. மேரிலாந்து வாசி ஒருவர் வேர்ஜீனியா ஆற்றிற் சிப்பி வளர்ப்பதைத் தடுத்த சட்டம் 1876இல் ஏற்கப்பட்டதும் இத்தகைய நியாயத்தின் மீதேயாகும்.

கீர் வழக்குக்குச் சில மாதங்களின் பின், அதே ஆண்டில், ரேஸ் ஹோர்ஸ் என்னும் பனொக் இனத்தவர் ஒருவரின் வழக்கு அதே நீதிமன்றின் முன் வந்தது. 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, ஐக்கிய அமெரிக்காவின் ஆளரவமற்ற நிலங்களில் வேட்டையாடும் உரிமை அவ்வினத்தாருக்கு உறுதியளிக்கப்பட்டிருந்தது. ரேஸ் ஹோர்ஸ் 7 எல்க்குகளைக் கொன்றதை வயோமிங் மாநிலம் தன் வேட்டைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகக் கொண்டது. 1890இல் வயோமிங் மாநிலத் தகுதி பெற்று ஏனைய மாநிலங்களுக்குச் சமமாகியமையால் அவ்வுடன்படிக்கை உரிமை அற்றுப்போயிற்று என நீதிமன்றம் முடிவுசெய்தது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர் நீதியரசர் எட்வேட் வைற் ஒருவரே.

இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே அவற்றின் முழுப்பொருள் புலனாகிறது. விலங்குகள் மாநில மக்களின் உடைமை என்கிறது முதலாவது. அம்மாநிலம் தோன்றுமுன்னரே அங்கு வேட்டையாடி வாழ்ந்தோரின் எழுத்திலமைந்த உரிமை மாநிலம் தோன்றியதும் மறைந்தது என்கிறது இரண்டாவது. பொறுப்பாளன் யாரென்பது தெளிவாயிற்று. பயனாளிகள் யாரென்பதைப் பொறுப்பாளனே தீர்மானித்தான். வேட்டை அனுமதிப் பங்கீட்டின் வரலாற்றில் மிகப் பெரிய அநீதி வெளிமாநிலத்தவர் செலுத்திய கூடுதற் கட்டணமன்று. முதற்குடிகள் இழந்த இவ்வுரிமையேயாகும். அவ்விழப்பைச் சட்டம் திருத்திக்கொள்ள 123 ஆண்டுகள் சென்றன. குரோ இனத்தவரான ஹெரேரா என்பார் வயோமிங்கின் பிக்ஹோர்ன் தேசிய வனத்தில் எல்க் வேட்டையாடியமை பற்றிய வழக்கில், மாநிலத் தகுதி பெற்றமை மட்டும் உடன்படிக்கை உரிமையை அழித்துவிடாது என 2019இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதுவும் ஐவருக்கு நால்வர் என்னும் மயிரிழைப் பெரும்பான்மையாலேயே தீர்க்கப்பட்டது.

உடைமைக் கொள்கையின் தளர்ச்சி

மாநிலமே விலங்குகளின் உடைமையாளன் என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டிற் படிப்படியாகத் தளர்ந்தது. நாடுகளையும் மாநிலங்களையும் கடந்து பறக்கும் பறவைகள் எம்மாநிலத்தின் உடைமை? வலசைப் பறவைகளைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையை மிசூரி மாநிலம் எதிர்த்தபோது, அதன் உடைமை வாதம் வலுவற்றதென 1920இல் நீதிமன்றம் ஒதுக்கியது.

1948இல் இரு தீர்ப்புகள் இதனை மேலும் வலியுறுத்தின. தென் கரோலினா தன் கடலோரத்தில் இறால் பிடிக்கும் படகொன்றுக்கு உள்ளூரவரிடம் 25 டொலரும் வெளிமாநிலத்தவரிடம் 2,500 டொலரும் அறவிட்டது. உடைமைக் கொள்கை என்பது, முக்கியமானதொரு வளத்தைப் பேணி ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு வேண்டும் என்பதைச் சுருக்கிக் கூறும் சட்டப் புனைவே என்று விளக்கிய நீதிமன்றம் அக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. கலிபோர்னியா மாநிலம் குடியுரிமை பெறும் தகுதியற்ற அயல்நாட்டாருக்கு, நடைமுறையில் யப்பானியருக்கு, மீன்பிடி அனுமதியை மறுத்தது. தக்கஹாஷி என்பாரின் வழக்கில் அம்மறுப்பும் செல்லாதெனத் தீர்க்கப்பட்டது. பிழைப்பைப் பற்றிய விடயமாயின் வேறுபாடு காட்டலாகாது என்னும் நெறி இவற்றால் உருவாயிற்று.

இப்பின்னணியிலேதான் மொன்ரானா வழக்கு எழுந்தது. வேட்டை வழிகாட்டியாகத் தொழில் செய்த மொன்ரானா வாசியான போல்ட்வின் என்பாரும் மினசோட்டா மாநிலத்தவர் நால்வரும் வழக்கிட்டனர். வெளிமாநிலத்தவருக்கு எதிரான சட்டத்தை உள்ளூரவர் ஒருவரும் எதிர்த்தமை கவனிக்கத்தக்கது. அவருடைய வாடிக்கையாளரிற் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவராயிருந்தமையே இதற்குக் காரணம். மாநிலத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 1960க்கும் 1970க்கும் இடையில் மொன்ரானா வழங்கிய அனுமதிப்பத்திரங்கள் வதிவோரிடையே ஏறத்தாழ 67 சதவீதத்தாலும் வெளிமாநிலத்தவரிடையே ஏறத்தாழ 530 சதவீதத்தாலும் அதிகரித்திருந்தன. விலங்குகளின் மேய்ச்சலால் நேரும் நட்டத்தையும் பாதுகாப்புக்கான வரிச்சுமையையும் ஆண்டு முழுவதும் தாங்குவோர் வதிவோரே என்பதும் மாநிலத்தின் வாதம்.

நீதியரசர் பிளக்மன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மாநிலத்தின் பக்கம் சாய்ந்தது. எல்க் வேட்டை பொழுதுபோக்கேயன்றிப் பிழைப்பன்று. ஆதலின் அது ஒரு மாநிலத்தவர் இன்னொரு மாநிலத்திற் சமமாகக் கோரக்கூடிய அடிப்படை உரிமைகளுள் அடங்காது என்பது அதன் சாரம். நீதியரசர் பிரெனன் உள்ளிட்ட மூவர் மாறுபட்டனர். வேறுபாடு காட்டும் மாநிலமே அதற்கான காரணத்தை நிலைநாட்ட வேண்டும். வெளிமாநிலத்தவரே தனியான ஒரு கேட்டுக்கு மூலமென்பது காட்டப்படவில்லை என்பது அவர்கள் கருத்து. அடுத்த ஆண்டிலே, 1979இல், ஒக்லஹோமாவின் சிறுமீன் வணிகம் பற்றிய வழக்கில், 1896ஆம் ஆண்டின் கீர் தீர்ப்பே கைவிடப்பட்டது. உடைமைக் கொள்கை வீழ்ந்தது. எனினும் அதன்மேற் கட்டப்பட்ட வதிவோர் சலுகை வீழவில்லை. அடித்தளம் அகன்ற பின்னரும் நிற்கும் கட்டடம் போல அது இற்றைவரை நிலைக்கிறது.

நிலம் நாட்டினது, விலங்கு மாநிலத்தினது

வெளிமாநிலத்தவரின் மனக்குறைக்கு மற்றொரு காரணமும் உண்டு. மேற்கு மாநிலங்களின் நிலத்திற் பெரும்பகுதி சமஷ்டி அரசுக்குரியது. நெவாடாவில் ஏறத்தாழ 80 சதவீதமும் வயோமிங்கில் ஏறத்தாழப் பாதியும் இத்தகைய நிலமே. அந்நிலத்தில் நடக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் நாட்டவர் யாவருக்கும் உரிமையுண்டு. அங்கு மேயும் மானைப் பங்கிடும் அதிகாரம் மாத்திரம் மாநிலத்திடம் உள்ளது. சமஷ்டி நிலத்தில் ‘வனாந்தரம்’ எனப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளிற் பெருவிலங்கு வேட்டையாடும் வெளிமாநிலத்தவர், உரிமம் பெற்ற வழிகாட்டியையோ வதிவோர் ஒருவரையோ உடன்கொண்டு செல்ல வேண்டும் என்பது வயோமிங்கின் சட்டம். அதே பாதையில் மலையேறவோ படம்பிடிக்கவோ செல்பவருக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. காட்டின் ஆபத்து வேட்டைக்காரருக்கு மட்டும் உரியதா என வெளிமாநிலத்தவர் வினவுவதில் வியப்பில்லை.

அரிசோனா மாநிலம் சில வேட்டைகளுக்கான அனுமதிகளில் 10 சதவீதமே வெளிமாநிலத்தவருக்குரியது என வரையறுத்தது. இது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பாதிக்கும் வேறுபாடு என 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று கொண்டது. மேற்கு மாநிலங்கள் கலக்கமுற்றன. 2005இல் காங்கிரஸ் சட்டமொன்றை இயற்றி, வதிவோருக்கும் ஏனையோருக்கும் இடையில் வேட்டை, மீன்பிடி விடயங்களில் வேறுபாடு காட்டும் மாநில அதிகாரத்தை மீளவும் உறுதிசெய்தது. நீதிமன்றம் திறந்த கதவைச் சட்டமன்றம் மூடியது.

இங்கு ஒரு முரண்பாடு உளது. 1937இல் நிறைவேறிய பிற்மன்–ரொபேட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான தேசிய வரியை வனவிலங்குப் பணிக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. வேட்டைக்காரரிடம் அறவிடும் அனுமதிக் கட்டணத்தை மாநிலம் வேறு தேவைகளுக்குத் திருப்பலாகாது எனவும் நிபந்தனை விதிக்கிறது. இதனால் வனவிலங்குத் திணைக்களங்களின் வாழ்வு அனுமதிப்பத்திர விற்பனையுடன் பிணைக்கப்பட்டது. மாநிலங்கள் வதிவோரின் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்து, வாக்குரிமையற்ற வெளிமாநிலத்தவரிடம் உயர்ந்த கட்டணம் அறவிடுதல் அரசியல்வாதிக்கு எளிது. இவ்வாறு, பங்கிற் சிறியோர் செலவிற் பெரியோராயினர்.

காத்திருப்பும் பணமும்

விண்ணப்பதாரர் பெருகி விலங்குகள் போதாதபோது மாநிலங்கள் சீட்டிழுப்பை நாடின. ஆண்டுதோறும் விண்ணப்பித்தும் பெயர் வராதோரின் முறைப்பாடு வலுக்கவே, தோல்வியுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி வழங்கும் முறை பல மாநிலங்களில் எழுந்தது. சிலவற்றில் அதிக புள்ளியுடையோருக்கே முதலிடம். வேறு சிலவற்றிற் புள்ளி கூடக்கூடச் சீட்டிழுப்பில் வாய்ப்புக் கூடும்.

காத்திருந்தவனுக்கு முதலிடம் என்பது நியாயமாகவே தோன்றும். ஆயின் அதன் கணக்கைப் பார்த்தல் வேண்டும். ஒரு பிரதேசத்தில் ஆண்டுக்கு 10 அனுமதிகளே உள என்றும், 1,000 பேர் ஒரே நாளில் வரிசையில் நிற்கத் தொடங்கினர் என்றும் கொள்வோம். புதிதாக ஒருவர்கூடச் சேராவிடினும் கடைசி மனிதரின் முறை வருவதற்கு 100 ஆண்டுகள் ஆகும். புதியோர் ஆண்டுதோறும் சேர்வதால், வெற்றிக்கு வேண்டிய புள்ளித்தொகையும் ஆண்டுதோறும் உயரும். இருபது வயதில் வரிசையிற் சேர்ந்தவர் மலையேறும் வலிமை குன்றிய வயதில் அனுமதி பெறுவார். இன்று சேரும் இளைஞரோ ஒருபோதும் பெறார். காத்திருப்பை வாக்குறுதியாக விற்ற மாநிலம் அவ்வாக்கை நிறைவேற்ற இயலாமலும், முறையைக் கைவிட்டு நெடுங்காலம் காத்திருந்தோரை ஏமாற்ற இயலாமலும் இடர்ப்படுகிறது. புள்ளிக்கெனத் தனிக் கட்டணம் அறவிடும் மாநிலங்களில் இவ்விக்கட்டு இன்னும் கூர்மையானது. ஒருபோதும் வேட்டையாடப் போகாதவரின் பணமும் கருவூலத்தைச் சேர்கிறது.

நியூ மெக்சிக்கோ புள்ளிமுறையை ஏற்காது, ஆண்டுதோறும் புதிதாகச் சீட்டிழுக்கிறது. ஆயின் அங்கும் பெருவிலங்குகளுக்கான சீட்டிழுப்பு அனுமதிகளில் 84 சதவீதம் வதிவோருக்கும், 10 சதவீதம் வேட்டை ஏற்பாட்டாளருடன் ஒப்பந்தம் செய்தோருக்கும், 6 சதவீதம் ஏற்பாட்டாளரின்றி வரும் வெளிமாநிலத்தவருக்கும் எனச் சட்டம் பிரித்துள்ளது. ஏற்பாட்டாளருக்கு ஊதியம் கொடுக்க வல்லவர் வேறொரு சிறிய வரிசையில் நிற்கிறார் என்பதே இதன் பொருள்.

இத்தகைய ஏற்பாட்டை மொன்ரானா மக்கள் வாக்கெடுப்பினால் நீக்கினர். ஏற்பாட்டாளரின் வாடிக்கையாளருக்கென ஒதுக்கப்பட்டிருந்த 5,500 கூட்டு அனுமதிகளை ஒழித்து அவற்றைப் பொதுச் சீட்டிழுப்பிற் சேர்க்கும் பிரேரணை 2010 நவம்பரில் நிறைவேறியது. ஆயின் அதே பிரேரணை வெளிமாநிலத்தவரின் கூட்டு அனுமதிக் கட்டணத்தை 628 டொலரிலிருந்து 897 டொலராக உயர்த்தியது. செல்வரின் தனிவழியை அடைத்த மக்கள், பொதுவழியின் சுங்கத்தை உயர்த்தினர்.

பணம் ஆளும் மற்றொரு துறை ஏலமாகும். பெருங்கொம்பு மலையாட்டுக்கான ஓர் அனுமதியை ஆண்டுதோறும் ஏலத்தில் விடும் வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. மொன்ரானாவின் அத்தகைய அனுமதியொன்று 2013இல் 480,000 டொலருக்கு விற்கப்பட்டது. இப்பணம் அவ்வாட்டினத்தின் பாதுகாப்புக்கே செல்கிறது; ஓர் அனுமதியை விற்றுப் பல ஆடுகளைக் காக்கலாம் என்னும் வாதத்தை எளிதிற் புறந்தள்ளல் இயலாது. ஆயினும் 1671ஆம் ஆண்டின் 100 பவுண் தகுதியை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். நல்ல நோக்கத்துக்காகவேனும், பொதுப்பொருளின் வாயிலிற் சொத்தைக் காவல் நிறுத்தும் வழக்கம் வேறொரு வேடத்தில் மீள்கிறது.

அலாஸ்கா: பிழைப்பா, பொழுதுபோக்கா?

போல்ட்வின் தீர்ப்பு பிழைப்பையும் பொழுதுபோக்கையும் பிரித்தது. அப்பிரிவு நடைமுறையில் எத்துணைச் சிக்கலானது என்பதை அலாஸ்கா காட்டுகிறது. அங்கு மூஸ் மானின் இறைச்சியும் ஆற்று மீனும் பல கிராமங்களின் உணவாதாரம். 1980இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம், சமஷ்டி நிலங்களிற் கிராமப்புற வாசிகளின் வாழ்வாதார வேட்டைக்கு முன்னுரிமை வேண்டுமென விதித்தது. அலாஸ்காவின் அரசியல் யாப்போ மீனும் வனவிலங்கும் மக்களின் பொதுப்பயனுக்குரியன என்கிறது. கிராமத்தில் வாழ்தலையே தகுதியாகக் கொண்ட முன்னுரிமை இப்பொதுமைக்கு முரணானதென அம்மாநில உயர் நீதிமன்றம் 1989இல் மக்டவல் வழக்கிலே தீர்த்தது. இரு சட்டங்களையும் இணக்க இயலாதுபோகவே, 1990இல் சமஷ்டி அரசு தன் நிலங்களில் வாழ்வாதார வேட்டையின் நிருவாகத்தைத் தானே ஏற்றது.

இவ்விடத்திற் சமத்துவம் என்னும் சொல் இரு பொருள் கொள்கிறது. நகரவாசிக்கும் கிராமவாசிக்கும் ஒரே விதி என்பது ஒரு சமத்துவம். கடைத்தெரு அருகிருப்பவனையும் ஆறே கடைத்தெருவாக உள்ளவனையும் ஒரே வரிசையில் நிறுத்தலாகாது என்பது மற்றொரு சமத்துவம். முதலாவது சட்டத்தின் எழுத்துக்கு உகந்தது. இரண்டாவது மனிதரின் வாழ்வுக்கு உகந்தது.

முடிவுரை

மேலே நோக்கியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். பங்கிடும் அளவுகோல் எதுவாயினும் அது பங்கிடுவோரின் முகத்தைப் பிரதிபலிக்கிறது. நிலப்பிரபுக்களின் பாராளுமன்றம் நிலத்தை அளவுகோலாகக் கண்டது. வாக்காளரை நம்பிய மாநிலம் வதிவிடத்தை அளவுகோலாகக் கண்டது. வருவாயை நாடிய திணைக்களம் கட்டணத்தைக் கண்டது. முறைப்பாடுகளைக் கேட்டுச் சலித்த திணைக்களம் காத்திருப்பைக் கண்டது. பங்கு கேட்டு வாயிலில் நின்றோரின் நிலையிலிருந்து அளவுகோல் வகுக்கப்பட்டமை மிக அரிதே.

இவற்றுள் எது ஏற்புடைத்து? முன்னோரின் உடன்படிக்கையாலும் அன்றாட உணவின் தேவையாலும் உரிமை கோருவோர் முதலில் வைத்து எண்ணப்படல் வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அவ்வுரிமை சலுகையன்று, ஏனையோரின் பங்கைக் கணிக்குமுன் கழிக்கவேண்டிய கடன். எஞ்சியதில், விலங்கின் சுமையைத் தாங்கும் வதிவோருக்கு ஒரு பெரும் பங்கு நியாயமே. ஆயின் அப்பங்கு தாங்கும் சுமைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டுமேயன்றி, வாக்கற்றோரைக் கறப்பதற்கான மறைப்பாக அமைதல் ஆகாது. அதன் பின்னர் எஞ்சுவதைப் பங்கிட எளிய சீட்டிழுப்பே ஒப்பளவில் மேலானது. சீட்டு யாரையும் தகுதியுடையவன் எனப் புகழ்வதில்லை. தோற்றவனைத் தகுதியற்றவன் என இகழ்வதும் இல்லை. நிறைவேறாத வாக்குறுதி எதனையும் அது அளிப்பதில்லை. இளைஞரும் முதியோரும் ஏழையும் செல்வரும் அதன்முன் ஒரே பெயராக நிற்கின்றனர்.

வரையறுக்கப்பட்ட பல்கலைக்கழக இடங்கள் மாவட்ட விகிதப்படி பங்கிடப்படும் நாட்டிலே வாழும் நமக்கு இவ்வினா அயலானதன்று. வாயிலில் நிற்பவன் எவ்வூரான் என்று கேட்குமுன், அவ்வூரை அளவுகோலாக்கியவர் யார், எக்காரணத்துக்காக ஆக்கினார், அக்காரணம் இன்றும் நிலைக்கிறதா எனக் கேட்கப் பழகுதல் வேண்டும். எல்க் மானின் வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க பாடம் இதுவேயாகும்.